அச்சும் அசலும்

சுவாமிமலைக் கோயிலின் 60 படிகளையும் ஏறி இறங்கி, தகப்பன்சாமியைத் தரிசித்த நிறைவோடு எங்கள் பட்டறை வாசலில் வந்து நிற்கும் அன்பர்கள், அலமாரியிலிருக்கும் ஏதேனும் ஒரு விக்கிரகத்தைச் சுட்டிக்காட்டிக் கேட்கும் முதற் கேள்வி பெரும்பாலும் விலையைப் பற்றியதாக இருப்பதில்லை, "ஐயா, இது ஒரிஜினலா?" என்பதாகவே இருக்கும். பன்னிரண்டாம் வயதில் என் தகப்பனாரின் பக்கத்தில் மெழுகு பிசைய உட்கார்ந்த நான், இப்போது எழுபதைக் கடந்து, கண்ணாடியின்றி உளியின் முனையைக் காண இயலாத பருவத்தை அடைந்துவிட்டேன். ஆயினும் அந்தக் கேள்விக்குக் கூசாமல் சொல்லத்தக்க விடை இன்றுவரை என்னிடம் இல்லை. கேட்பவர்களில் ஒருவர் உலோகத்தில் கலப்படம் உண்டா என்று அறிய விரும்புகிறார். இன்னொருவர் சோழர் காலத்துச் சரக்காக இருக்குமோ என்று இரகசியமாக ஆசைப்படுகிறார். மற்றொருவருக்கு இது கையால் செய்ததா, இயந்திரத்தில் வந்ததா என்று தெரிந்தாக வேண்டும். வெளிதேசத்திலிருந்து வந்த ஒரு பெண்மணியோ, இந்த வடிவம் முழுவதும் உங்கள் சொந்தக் கற்பனைதானா என்ற பொருளில் கேட்டார். நால்வருக்கும் ஒரே சொல் போதுமாக இருக்கிறது.

அந்த இங்கிலீஷ் சொல் வருவதற்கு முன்னால் நம்மவர்கள் 'அசல்' என்றுதான் கேட்டுவந்தார்கள். அதுவும் நம் வீட்டுச் சொல்லன்று. அசல், நகல் என்னும் இரண்டும் அரபியில் பிறந்து, பாரசீகத்தின் வழியாக நவாபுகளின் கச்சேரிகளுக்குள் நுழைந்து, அங்கிருந்து பத்திர ஆபீசுக்கும் லேவாதேவிக்காரர் கணக்குப் புத்தகத்துக்கும் வந்து, பிறகு நம்முடைய அடுப்பங்கரை வரைக்கும் பரவிவிட்டவை. அசலுக்கு மூலபாஷையில் வேர் என்று பொருளாம். நகல் என்பது ஓரிடத்திலிருந்து எடுத்து மற்றோரிடத்தில் வைப்பதாம். பத்திரத்துக்கும் கடனுக்கும் அந்த இரு சொற்கள் எவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகின்றனவோ அவ்வளவுக்கு எங்கள் தொழிலுக்குப் பொருந்தாமற் போகின்றன என்பதை நான் உணர்ந்தது, என் தாயார் பக்கத்து வீட்டுக் குழந்தையைக் கொஞ்சுகையில், "அப்பனை அச்சு அசலா உரிச்சு வச்சிருக்கு" என்று சொன்னதைக் கேட்ட ஒரு நாளில்தான். அச்சிலிருந்து வருவது நகல். நகல் அல்லாதது அசல். எனில் ஒன்று அச்சாகவும் அசலாகவும் ஏககாலத்தில் இருப்பது எப்படி? தமிழ் பேசுகிறவன் எவனும் இந்தத் தொடரைச் சொல்லும்போது ஒரு கணம்கூடத் தடுமாறுவதில்லை. வார்ப்புத் தொழில் செய்கிறவன் மட்டுமே தடுமாறுகிறான்.

ஏனென்றால் எங்களிடம் அச்சு என்பது ஒரே ஒரு முறை பயன்படும் பொருள். தேன்மெழுகோடு குங்கிலியத்தையும் கடலை எண்ணெயையும் சேர்த்துக் காய்ச்சி, வடிகட்டி, ஆறவிட்டு, அந்த மெழுகில் கை தனி, கால் தனி, பிரபை தனி என்று உருட்டியும் வழித்தும் செய்து, சூட்டுக்கோலால் ஒட்டி உருவத்தை முடித்த பிறகு, காவிரியின் வண்டலை நன்றாக அரைத்து முதற்பூச்சாக மெல்லிய தோல்போல் பூச வேண்டும். அந்த வண்டல் எவ்வளவு மென்மையானதென்றால், மெழுகின்மேல் என் கட்டைவிரல் ரேகை பதிந்திருந்தால் அதையும் விடாமல் வாங்கிக்கொண்டு உலோகத்தில் கொண்டுவந்து காட்டிவிடும். அதன்மேல் வயல்மண்ணும் மணலும் கலந்த கனத்த பூச்சுகள், நிழலில் உலர்த்தல், பெரிய உருவமானால் இரும்புக் கம்பிக் கட்டு. பிறகு வரட்டி அடுக்கிச் சூடேற்றினால் மெழுகு உருகித் துளைவழியே வெளியே ஓடிவிடும். அது விட்டுச்சென்ற வெற்றிடத்தில், மெழுகின் நிறைக்கு எட்டு முதல் பத்து மடங்கு நிறையுள்ள உலோகத்தை நூல்போல் இழுத்து ஊற்றுகிறோம். ஆறியபின் மண்ணை உடைத்தால்தான் மூர்த்தி வெளிப்படுவார். உடைந்த அச்சைப் பெருக்கி அள்ளிக் கொல்லையில் கொட்டுகிறோம். மெழுகும் இல்லை, மண்ணும் இல்லை. வார்ப்பில் மூக்கு நுனி ஓடாமல் நின்றுவிட்டாலும், முதலிலிருந்து மறுபடி மெழுகு பிசைய வேண்டியதுதான்.

ஆக, ஒவ்வொன்றும் அசலே என்று சொல்லிவிடலாம் அல்லவா? சொல்லலாம்தான், ஆனால் மெழுகைத் தொடுவதற்கு முன்னால் நடக்கிற காரியத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். தென்னங்கீற்றில் ஓர் இலையை உருவி, ஈர்க்கை நீக்கி, செய்யப்போகும் மூர்த்தியின் உயரத்துக்கு நறுக்கி, அதை மடித்து மடித்துத்தான் நாங்கள் அளவு காண்கிறோம். சிவன், திருமால், பிரமன் ஆகியோருக்கு உத்தம தசதாலம், 124 அங்குலம். தேவியருக்கு மத்திம தசதாலம், 120 அங்குலம். அங்குலமென்பது கடையில் விற்கும் அளவுகோலின் அங்குலமன்று. அந்த மூர்த்தியின் உயரத்தையே 124 பங்காக்கினால் வரும் ஒரு பங்கு. அதை எட்டாக வகுத்தால் ஒரு யவம். நெற்றி இத்தனை, மூக்கு இத்தனை, நாபிக்கும் முழங்காலுக்கும் இடைவெளி இத்தனை என்பதெல்லாம் ஆகமத்திலும் சிற்ப நூல்களிலும் விதித்த பிரமாணங்கள். கை எப்படி, ஆயுதம் எது, முகபாவம் என்ன என்பதைத் தியான சுலோகம் சொல்லிவிடுகிறது. மெழுகு வார்ப்பு முறையும் புதிதன்று. சாளுக்கிய மன்னன் சோமேசுவரன் 12ஆம் நூற்றாண்டில் இயற்றிய 'மானஸோல்லாஸம்' அதை விவரிக்கிறது. இவ்வளவையும் விலக்கிவிட்டால் என்னுடையது என்று எஞ்சி நிற்பது யாது? அந்த வெளிதேசப் பெண்மணிக்கு நான் இதைத்தான் சொல்ல முயன்றேன். அவர் மிகுந்த மரியாதையோடு கேட்டுவிட்டு, வேறொரு கடையில் போய் வாங்கிக்கொண்டார்.

எனக்குப் பத்தொன்பது வயதிருக்கும்போது நேர்ந்த ஒரு சம்பவத்தை இங்கே சொல்ல வேண்டும். செட்டிநாட்டுப் பக்கமிருந்து வந்த ஒரு பெரியவர், தம் ஊர்க் கோயிலிலிருந்த பழைய அம்பாளின் புகைப்படமொன்றைக் கொடுத்து, அச்சு அசலாக அதைப் போலவே ஒன்று வேண்டும் என்றார். தகப்பனார் அந்த வேலையை என்னிடம் ஒப்படைத்ததால் எனக்குத் தலைகால் தெரியவில்லை. படத்தைச் சுவரில் ஒட்டிவைத்துக்கொண்டு, பூதக்கண்ணாடியால் பார்த்துப் பார்த்துப் பதினோரு நாள் மெழுகில் உழைத்தேன். மூக்கு சற்றே மழுங்கியிருந்தது. அதை அவ்வண்ணமே மழுக்கினேன். கண்ணின் கோடு பாதி மறைந்திருந்தது. என் கோட்டையும் பாதி மறைத்தேன். காதணியின் மணிகள் ஒன்றோடொன்று கரைந்திருந்தன, அவற்றையும் கரைத்தேன். தகப்பனார் வந்தார், மெழுகை விளக்கருகில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏன்டா, இது எத்தனை வருஷம் அபிஷேகம் கண்ட மூக்கு?"

எனக்கு விளங்கவில்லை. "படத்துல இப்படித்தானப்பா இருக்கு" என்றேன்.

"படத்துல இருக்கிறது பாலும் சந்தனமும் தேய்ச்ச மூக்கு. குருக்கள் எண்ணூறு வருஷமாத் துடைச்சுத் துடைச்சு அப்படி ஆக்கியிருக்காங்க. செஞ்சவன் கூர்மையாத்தான் செஞ்சிருப்பான். அவன் செஞ்சதை விட்டுட்டு, தண்ணி செஞ்சதை நீ காப்பியடிச்சு வச்சிருக்க."

அன்றிரவு அந்த மெழுகு மறுபடி சட்டிக்குள் போயிற்று. வேறொன்று செய்து கொடுத்தோம். தியானத்தில் சொன்னபடி, எடுப்பான மூக்கும் தெளிந்த கண்ணும் உடையது. பெரியவருக்கு அது பிடிக்கவில்லை. பழைய அம்பாளின் களை இதில் இல்லை என்று முகத்தைச் சுளித்துக்கொண்டே எடுத்துப்போனார். இன்றைக்கும் நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் அசல் என்று கண்டது அந்தத் தேய்மானத்தைத்தான்.

அடுத்த ஆண்டு தகப்பனார் என்னைத் தஞ்சாவூருக்கு அழைத்துப்போனார். அரண்மனைக்குள் 1951இல் ஏற்படுத்திய கலைக்கூடத்தில், திருவெண்காட்டிலிருந்து கிடைத்த ரிஷபவாகன தேவரும் அம்பாளும் நிற்கிறார்கள். இராஜராஜனுடைய காலத்தில், 1011இல் தேவரும் அதற்கடுத்த ஆண்டில் தேவியும் எழுந்தருளியதாகத் திருவெண்காட்டுச் சாசனங்களால் அறிகிறோம். ஒரு காலை மறுகாலுக்குக் குறுக்கே ஒயிலாக வைத்து, முழங்கையை மடித்துச் சாய்ந்து நிற்கிறார் தேவர். ஆனால் சாய்வதற்கு அங்கே எதுவுமில்லை. வெறும் காற்றின்மேல் கைவைத்துக்கொண்டு, அதில் யாதொரு சிரமமும் இல்லாதவர்போல நிற்கிறார். எனக்கு மெய்சிலிர்த்தது. காளையைச் செய்யாமலே காளை இருப்பதாகக் காட்டிவிட்ட அந்தப் பூர்வகாலத்துச் சிற்பியின் துணிச்சலை வியந்து, "அப்பா, ரிஷபத்தையே விட்டுட்டாரே, என்ன யோசனை பாருங்க!" என்று என்னை மறந்து கூவிவிட்டேன். காவலாளி திரும்பிப் பார்த்தார்.

தகப்பனார் சிரிக்கவில்லை. "ரிஷபம் தனி வார்ப்பு. அது கிடைக்கல" என்றார்.

நான் புதுமையென்று போற்றியது ஓர் இழப்பு. அந்த வெட்கத்தில் நான் நிற்கையில், அவர் விரலால் தேவருடைய தலையைக் காட்டினார். வழக்கமான ஜடாமகுடம் அங்கே இல்லை. சடையையே தலைப்பாகைபோலச் சுற்றிச் சுற்றிக் கட்டி, அதில் பாம்புகளையும் பிணைத்து, வயலுக்குப் போகிற குடியானவன் முண்டாசு கட்டியதுபோல் முடித்திருக்கிறான் அந்த மகாசிற்பி. அந்தக் கட்டின் சுற்றுகள் ஒன்றின்மேல் ஒன்று அழுந்தும் விதத்தில் ஈரத் துணியின் கனம் தெரிகிறது. தகப்பனார் மடியிலிருந்து ஓர் ஓலை நறுக்கை எடுத்து, கண்ணுக்கு நேராகப் பிடித்து மடித்துக் காட்டினார். முகமும் மார்பும் இடையும் பிரமாணத்தில் இம்மியும் பிசகவில்லை. அவ்வளவையும் கட்டுக்குள் வைத்துக்கொண்டு, தலைக்குமேல் ஒரு சிறு இடத்தில் மட்டும் தன் இஷ்டம்போல் விளையாடியிருக்கிறான். அவன் பெயர் யாருக்கும் தெரியாது. அந்தக் காலத்தில் அதற்கு அசல் என்றோ புதுமை என்றோ பெயரிட்டு யாரேனும் அவனிடம் கேட்டிருந்தால் எப்படி விழித்திருப்பானோ!

அசலுக்கும் நகலுக்கும் உள்ள வேற்றுமை வெறும் சொல் விவகாரமன்று என்பதைக் கும்பகோணத்துக்கு அடுத்த சிவபுரம் எங்களுக்குக் கற்பித்தது. 1951இல் அங்கே நிலத்தை வெட்டுகையில் நடராஜரும் வேறு சில மூர்த்திகளும் கிடைத்தார்கள். பழுதுபார்ப்பதற்காக நடராஜரை ஒரு ஸ்தபதியின் பட்டறைக்கு அனுப்பினார்கள். கோயிலுக்குத் திரும்பிவந்தது புதிதாகச் செய்த வேறொன்று. பூஜை நடந்தது, தீபாராதனை நடந்தது, ஊரார் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். டக்ளஸ் பாரெட் என்ற ஆங்கிலேய அறிஞர் 1965இல் வெளியிட்ட சோழர் படிமங்களைப் பற்றிய நூலில்தான், கோயிலிலிருப்பது பழையதன்று என்ற செய்தி வெளியுலகுக்கு வந்தது. அதற்குள் உண்மையான மூர்த்தி கைமாறிவிட்டது. பிறகு அமெரிக்காவில் நார்ட்டன் சைமன் என்பவரிடம் போய்ச் சேர்ந்து, வழக்கும் உடன்படிக்கையும் நடந்து, 1986இல்தான் இந்தியாவுக்குத் திரும்பிற்று. களவு களவுதான், அதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் கிடையாது. ஆனால் எங்கள் பட்டறைகளில் இரவு வேலை ஓய்ந்தபின், வாசல் திண்ணையில் அந்தப் பேச்சு எழும்போதெல்லாம், திருட்டைப் பற்றிப் பேசிய நேரத்தைவிட அந்த இன்னொரு விக்கிரகத்தைப் பற்றிப் பேசிய நேரமே அதிகம். அதை வார்த்தவனுடைய கை கெட்டிக்காரக் கை என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, யாரும் மறுக்கவுமில்லை.

இத்தகைய களவுகளின் காரணமாக 1972ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட விக்கிரகம் தேசத்தைவிட்டு வெளியே போகலாகாது. ஆதலால் நாங்கள் புதிதாகச் செய்ததை வெளிதேசத்துக்கு அனுப்ப வேண்டுமானால், இது பழம்பொருள் அன்று என்று தொல்லியல் துறையிடம் சான்று பெற வேண்டும். அசல் என்பதற்குச் சான்று கொடுப்பார் எவருமில்லை. பழமையில்லை என்பதற்கு மட்டும் முத்திரை குத்திய காகிதம் உண்டு. ஒருமுறை அந்தப் பரிசீலனையில், வயதான ஓர் அதிகாரி என் சோமாஸ்கந்தரை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார், அடியைத் திருப்பிப் பார்த்தார், நகத்தால் சுரண்டினார். அவர் சந்தேகப்பட வேண்டுமென்று என் மனத்தின் ஒரு மூலை பிரார்த்தித்துக்கொண்டிருந்ததை இப்போது ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை. ஐந்து நிமிஷத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

என் சிநேகிதர் ஒருவர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மாலை வேளைகளில் பட்டறைக்கு வந்து உட்காருவார். நூல்களை முதனூல், வழிநூல், சார்புநூல் என்று மூன்றாக வகுத்த நன்னூலாரின் கொள்கையை எடுத்துக்கொண்டு, "உம்முடையது எந்த வகை?" என்று என்னைச் சீண்டுவார். வழிநூலென்பது இழிவான பெயரன்று, கம்பர் செய்ததும் வழிநூல்தான் என்பது அவருடைய ஆறுதல். அவரிடமிருந்துதான் நான் ஒரு விஷயம் தெரிந்துகொண்டேன். விக்கிரகத்துக்குச் சமஸ்கிருதத்தில் வழங்கும் 'பிரதிமை' என்ற சொல்லுக்குள் அளத்தல் என்ற பொருளுள்ள தாது இருக்கிறதாம். ஒன்றற்கு எதிராக வைத்து அளந்தது பிரதிமை. தமிழிலோ 'படி' என்றால் நகல். படி என்றால் நெல் அளக்கும் கருவியும்தான். படிமம் என்றால் தெய்வத் திருமேனி. அளவும் நகலும் தெய்வமும் இரண்டு பாஷைகளிலும் ஒரே குடும்பமாகக் குடியிருக்க, நடுவில் வந்த அசல் என்ற சொல்தான் அவர்களைப் பிரித்துப் பாகப்பத்திரம் எழுதிவிட்டதோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. எங்கள் கோயில்களில் கருவறையிலுள்ள கல் மூர்த்தி மூலவர். நாங்கள் வார்த்துக் கொடுப்பவர் உற்சவர். மூலம் அங்கே, உலா இங்கே. உற்சவரை நகல் என்று எந்தப் பக்தனும் சொன்னதில்லை. எவரும் செய்யாமல் தானே தோன்றியது என்று பெருமை பேசப்படும் சுயம்புவுக்கோ, ஸ்தபதியே தேவையில்லை.

பிரான்சு தேசத்திலிருந்து வந்த ஒருவர் சொன்ன செய்தி இன்னும் வேடிக்கை. அவர்கள் தேசத்து விதிப்படி, ஒரு சிற்பி செய்த உருவிலிருந்து வெண்கலத்தில் 12 வார்ப்புகள் வரை எடுக்கலாம். பன்னிரண்டும் ஒரிஜினலாகவே கருதப்படும். அதற்குமேல் போனால்தான் நகலாம். திருவாலங்காட்டு நடராஜரின் புகைப்படங்களைப் பார்த்தே ஆனந்தப்பட்டு ஒரு கட்டுரை எழுதிய மகாசிற்பி ரோதானுடைய வார்ப்புகள், அவர் காலமான பிறகும் அந்தக் கணக்கில் வெளிவந்துகொண்டிருக்கின்றனவாம். என் சிநேகிதர் இதைக் கேட்டு, பதின்மூன்றாவதாகப் பிறந்த பிள்ளையின் கதி என்ன என்று விசாரித்தார்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் ஜாடை ஒன்றுதான். ஒரே ஓலையில் அளந்து, ஒரே சுலோகத்தைச் சொல்லிக்கொண்டு, நானும் என் தம்பியும் ஒரு சந்நிதிக்காக இரண்டு துவாரபாலகர்களைச் செய்தோம், ஆளுக்கொன்று. முடித்து நிறுத்தியபோது அவன் செய்தவர் அவனைப்போலவே உதட்டைச் சற்று இறுக்கிக்கொண்டு நின்றார். என்னுடையவரைப் பற்றி அவன் என்ன நினைத்தான் என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. என் தாயார் எங்கள் பட்டறையில் வார்த்த சிவகாமி ஒன்றைப் பார்த்து, "அப்பாயி தாடை அப்படியே இருக்குடா" என்று சொன்னபோது, அப்பாயி இறந்து ஒன்பது வருஷமாகியிருந்தது. அவளுடைய முகத்தை நான் நினைத்துக்கொண்டு செய்யவில்லை. யவக் கணக்குக்குள் அவள் எவ்வழியே புகுந்தாள் என்று எனக்குத் தெரியாது. புகவேண்டுமென்று திட்டமிட்டுச் செய்த முகங்கள் எவையும் தேறியதில்லை என்பது மட்டும் தெரியும்.

இப்போது என் மகன் ரப்பர் அச்சு கொண்டுவந்திருக்கிறான். சிறு உருவங்களுக்கு அதில் மெழுகை ஊற்றினால் ஒன்றுபோலவே எத்தனை வேண்டுமானாலும் வரும். மண்ணும் வார்ப்பும் பிறகு வழக்கப்படி. நான் முதலில் முகம் திருப்பிக்கொண்டேன். பின்பு பட்டறையின் வரவு செலவைப் பார்த்துப் பேசாமலிருந்துவிட்டேன். போன மாதம் ஒருவர், மகளின் கல்யாணத்துக்கு வருகிற முக்கியஸ்தர்களுக்குக் கொடுப்பதற்காக 12 பிள்ளையார் கேட்டார். பன்னிரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோலவே இருக்க வேண்டும் என்பது கண்டிப்பு. வார்த்த பின்பு உளி வேலையை மகனும் பேரனும் பங்கிட்டுக்கொண்டார்கள். அவர் வந்து, பன்னிரண்டையும் பலகையில் வரிசையாக வைத்து, குனிந்து நிமிர்ந்து பார்த்துவிட்டு, இடப்பக்கத்திலிருந்து நாலாவதை மட்டும் தனியே எடுத்துத் துண்டில் சுற்றிக்கொண்டார்.

"இது எங்க வீட்டுப் பூஜைக்கு இருக்கட்டும். இன்னொண்ணு செஞ்சு எண்ணிக்கையைச் சரி பண்ணிடுங்க."

"ஏன், எல்லாம் ஒன்றுதானே?" என்றேன்.

"இவர் மட்டும் லேசாச் சிரிக்கிறாரு ஐயா. இதுதான் ஒரிஜினல்."

துண்டைப் பிரித்து வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். இடக்கண்ணின் கடைக்கோட்டில் பேரனுடைய உளி ஒரு யவத்துக்கும் குறைவாக வழுக்கியிருந்தது. தகப்பனார் இருந்திருந்தால் அதை அப்படியே மூசைக்குள் போட்டிருப்பார். நான் திரும்பச் சுற்றிக் கொடுத்துவிட்டு, முன்பணத்தை எண்ணிப் பெட்டிக்குள் வைத்தேன். பேரனிடம் இன்னும் சொல்லவில்லை.